ஆமைக்குட்டி ‘ஸ்டார்ட்டர் செட்’: எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்

செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் வேறு வேறு பெயர்களில் விற்கப்படும் செட் இது. பெட்டியின் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி, அதோடு சேர்த்தே வார்த்த சாய்தளம், அதன் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம், வண்ணக் கூழாங்கல் ஒரு பை, யுஎஸ்பியில் ஓடும் குட்டி பம்ப், கவ்வி வைத்த விளக்கு, காய்ந்த இறால் ஒரு டப்பா. செங்காது ஆமைக்குட்டி வளர்க்க இது போதும் என்று பெட்டி சொல்கிறது. போதாது. ஐந்துக்கு ஒன்றரை கொடுக்கலாம். அந்த ஒன்றரையும் தொட்டியை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பதற்காக.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் ஊர்வன வகையில் வீட்டில் வளர்க்க அனுமதி உள்ளவை இரண்டே: செங்காது ஆமை, மலாயப் பெட்டி ஆமை. இகுவானா, லெப்பர்டு கெக்கோ, பாம்பு எதற்கும் இடமில்லை. நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் நட்சத்திர ஆமைக்கும் இல்லை. 2019 முதல் அது அனைத்துலக வணிகம் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. இகுவானாக் குட்டி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கும் வீடுகளில் கடைசியில் வந்து சேர்வது பெரும்பாலும் செங்காது ஆமைதான். சிறியது, பச்சை நிறம், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, விலையும் குறைவு. ஆனால் வெயில் காய்ந்து எலும்பு வளர்க்கும் பிராணி என்பதில் இகுவானாவுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இந்த செட் சறுக்குவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

தொட்டியைப் பார்ப்போம். நீளம் 30, அகலம் 20 செ.மீ. உள்ள செட்டில் சாய்தளம் மூழ்காத அளவுக்கு 6 செ.மீ. நீர் ஊற்றினால் மொத்தம் 3.6 லிட்டர். ஆமை வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் நடைமுறைக் கணக்கு, ஓட்டின் ஒவ்வொரு செ.மீ. நீளத்துக்கும் 15 லிட்டர் நீர். 3 செ.மீ. குட்டிக்கே 45 லிட்டர் ஆகிறது. நன்றாகத் தின்னும் குட்டி முதல் ஆண்டிலேயே நீளத்தில் இரண்டு மடங்கைத் தாண்டும். பெண் ஆமை 25 செ.மீ.க்கு மேலும் வளரும், ஆண் அதைவிடச் சிறியது. ஆயுள் 20 ஆண்டுக்கு மேல். தொட்டி சிறியதாக இருந்தால் ஆமையும் சிறியதாகவே இருக்கும் என்று சில கடைகளில் சொல்வார்கள். அது உண்மையில்லை. தீனியும் ஒளியும் போதாமல் வளர்ச்சி குன்றும், ஓடு கோணும், அவ்வளவுதான்.

நீரின் ஆழத்திலும் ஒரு தவறான பயம் உண்டு. குட்டி மூழ்கிவிடும் என்று ஓடு நனையும் அளவுக்கு மட்டும் நீர் விடுகிறார்கள். செங்காது ஆமை நீந்தப் பிறந்தது. ஓட்டின் நீளத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு ஆழம் வேண்டும். தவறிக் கவிழ்ந்தால் திரும்பிக்கொள்ளவும் அந்த ஆழம்தான் உதவுகிறது. ஆமை இடுக்கில் சிக்கிக்கொண்டு மேலே வர முடியாமல் போவதுதான் ஆபத்து. செட்டில் சாய்தளத்துக்கு அடியில் இருக்கும் குகை போன்ற இடைவெளி சரியாக அப்படிப்பட்ட இடுக்கு.

இனி விளக்கு. செட்டின் பெரிய குறை இதுதான்.

கவ்வி விளக்கின் பெட்டியில் ‘யுவிஏ + யுவிபி’ என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் வகைகள். உள்ளே இருப்பது 25 வாட் ஹாலஜன் பல்பு, அல்லது நீலமும் வெள்ளையுமாக எரியும் எல்இடி. ஹாலஜன் வெப்பம் தரும், கொஞ்சம் யுவிஏவும் தரும். யுவிபி தராது, ஏனென்றால் பல்பின் கண்ணாடியே அதைத் தடுத்துவிடும். ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உருவாக 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளக் கதிர் தேவை. அது இல்லையென்றால் தீனியில் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உடல் தன் தேவைக்கு எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் கால்சியத்தை உருவிக்கொள்ளும். ஓட்டின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்தினால் ரப்பர் போல வளைவது, பின்கால் இழுபடுவது, தாடை மென்மையாவது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. புதிதாகப் பொரித்த குட்டியின் ஓடு இயல்பாகவே கொஞ்சம் நெகிழும். மாதங்கள் போகப் போக அது கெட்டிப்பட வேண்டும்; கெட்டிப்பட்டது மீண்டும் நெகிழ்ந்தால் அது நோய்.

சன்னல் ஓரத்தில் வைத்தால் வெயில் கிடைக்குமே என்பது அடுத்த கேள்வி. சன்னல் கண்ணாடியும் யுவிபியைத் தடுக்கும். வெப்பம் மட்டும் உள்ளே வரும். 3.6 லிட்டர் நீர் சிங்கப்பூர் வெயிலில் சூடேற வெகுநேரம் ஆகாது, குட்டிக்கு ஒதுங்க இடமும் இருக்காது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் தாழ்வாரத்தில் காலை 10 மணிக்கு முன் நேரடி வெயில் விழுமானால், பாதி நிழலிட்ட அகலமான தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். காக்கையும் பூனையும் தூக்கிச் செல்ல இந்த அளவுக் குட்டி மிகவும் எளிது.

அன்றாடத்துக்கு வேண்டியது குழல் வடிவ யுவிபி விளக்கு. சூ மெட் நிறுவனத்தின் ரெப்டிசன் 5.0, ஆர்க்கேடியாவின் 6 விழுக்காட்டுக் குழல் ஆகிய இரண்டில் எதுவும் பொருந்தும். டி5 எச்ஓ (மெல்லிய, அதிக ஒளி தரும் குழல்) வகையில் 24 வாட், ஏறக்குறைய 55 செ.மீ. நீளம். வாங்கும்போது மூன்று இடங்களில் ஏமாறலாம். ஒன்று, குழலை மட்டும் வாங்கி, வீட்டில் இருக்கும் எல்இடி டி5 பட்டையில் மாட்டப் பார்ப்பது. அது எரியாது, இந்தக் குழலுக்கு டி5 எச்ஓவுக்கான பாலஸ்ட் (குழலுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) உள்ள விளக்குச் சட்டம் தனியாக வேண்டும். இரண்டு, அமெரிக்காவிலிருந்து தருவித்த 120 வோல்ட் சட்டம். நம் 230 வோல்ட்டில் செருகினால் பாலஸ்ட் அப்போதே போய்விடும். மூன்று, இரண்டு முனைச் செருகி. அடாப்டர் வைத்துச் செருகுவதாக இருந்தால் பாதுகாப்புக் குறி உள்ளதை மட்டும் வாங்குங்கள். நீருக்குப் பக்கத்தில் இருக்கும் மின்சாரம் இது.

குழலுக்கும் ஆமையின் முதுகுக்கும் 25 முதல் 30 செ.மீ. இடைவெளி. தூரம் இரட்டிப்பானால் கிடைக்கும் கதிர் பாதிக்கும் கீழே போய்விடும். நடுவில் அக்ரிலிக் மூடி இருந்தால் எதுவும் வராது. கம்பி வலை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகும், வலையின் நெருக்கத்தைப் பொறுத்து. குழலின் மேல் பிரதிபலிப்பான் இருந்தாக வேண்டும். ஒளி எரிந்துகொண்டிருப்பதால் கதிரும் வருகிறது என்று நினைக்கக் கூடாது: பழைய டி8 குழலில் யுவிபி 6 மாதத்தில் தேய்ந்துவிடும், டி5 எச்ஓவில் ஏறக்குறைய 12 மாதம். மாட்டிய தேதியைக் குழலின் உலோக முனையில் மார்க்கரால் எழுதி வையுங்கள். நிறம் மாறும் சோதனை அட்டைகளை நம்ப வேண்டாம், அவற்றில் பல யுவிஏவுக்கும் நிறம் மாறும். கதிரை அளக்க நம்பத்தக்க அளவி சோலார்மீட்டர் 6.5, விலை அதிகம், ஆமை வளர்க்கும் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். டைமர் காலை 8 மணிக்கு ஏற்றி இரவு 8 மணிக்கு அணைக்கட்டும். இரவில் எந்த வண்ண விளக்கும் வேண்டாம்.

செட்டோடு வந்த ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வெப்பத்துக்கு அது உதவும். யுவிபி குழலும் ஹாலஜனும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பது முக்கியம். ஆமை சூடு தேடி ஏறும் இடத்தில்தான் கதிரும் இருக்க வேண்டும். வெயில் காயும் தளத்தின் மேற்பரப்பு 32 முதல் 35 டிகிரி. குளிர்சாதனம் இல்லாத அறையில் 25 வாட்டே போதுமானதாக இருக்கும். 50 வாட் பெரும்பாலும் அதிகம். இன்ஃப்ராரெட் வெப்பமானியால் தளத்தையே அளந்து பார்த்துக் கவ்வியை ஏற்றி இறக்குங்கள். அந்தக் கவ்வி ஒரு பலவீனம்: சுருள்வில் தளர்ந்து விளக்கு மெல்லச் சரியும், ஒருநாள் நீருக்குள் விழும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்றால் இறுக்கிக் கட்டிவிடலாம். செருகியை நோக்கிப் போகும் வயர், செருகியைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேற வேண்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், செருகிக்குப் போகாது.

நீர் 26 முதல் 28 டிகிரி. இந்த ஊர் அறை வெப்பத்திலேயே அது கிடைத்துவிடும், ஹீட்டர் தேவையில்லை. இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறை மட்டும் விலக்கு. அங்கே நீர் 24க்குக் கீழே இறங்கினால் குட்டி தின்னாமல் சுருண்டுவிடும். பிளாஸ்டிக் கூண்டு போட்ட ஹீட்டர் வேண்டியிருக்கும், அல்லது தொட்டியை வரவேற்பறைக்கு மாற்றினால் போதும்.

சாய்தளம் செட்டில் வழவழப்பாக இருக்கிறது. குட்டி ஏறிச் சறுக்குவதைப் பார்க்கலாம். மேலே உள்ள தட்டு முழுதாக உலரவும் இல்லை. ஓடு நாள்தோறும் முழுக்க உலர்ந்தால்தான் பூஞ்சையும் ஓட்டழுகலும் அண்டாது. நீர்மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கும் தளம், அல்லது தொட்டிக்கு மேலே மாட்டும் பெட்டித் தளம் வாங்குங்கள். மேற்புறம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், ஆமை இருக்கும்போது அரை செ.மீ.கூட மூழ்கக் கூடாது. தென்னைமரத்தைக் கழற்றிவிடுங்கள், அது விளக்கை மறைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

கூழாங்கல்லையும் அப்படியே. ஆமை வாய்க்கு எட்டியதைக் கடித்துப் பார்க்கும், விழுங்கும், குடல் அடைபடும். கல் வேண்டுமானால் ஆமையின் தலையைவிடப் பெரியதாக இருக்கட்டும். வெறும் தரை இன்னும் நல்லது; கழிவு கண்ணுக்குத் தெரியும், உறிஞ்சி எடுக்கலாம்.

யுஎஸ்பி பம்ப் நீரைச் சுற்றுகிறது, சுத்தப்படுத்துவதில்லை. அதற்குள் கட்டைவிரல் அளவு பஞ்சு ஒன்றுதான் இருக்கிறது. ஆமை ஒரே அளவு மீனைவிட மிக அதிகமாகக் கழிவு போடும். தொட்டியில் 100 லிட்டர் நீர் என்றால், 200 முதல் 300 லிட்டருக்கு என்று குறித்திருக்கும் கேனிஸ்டர் வடிகட்டி (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீரை மாற்றுவதும் இருக்கத்தான் செய்யும்.

இங்கே குழாய் நீரைப் பற்றி ஒன்று. வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்பது ஊரில் பழகிய வழக்கம். சிங்கப்பூரில் அது பலிக்காது. பொதுப் பயனீட்டுக் கழகம் நீரில் சேர்ப்பது குளோராமின், அது ஓரிரவில் ஆவியாகாது. குளோராமினையும் நீக்கும் என்று குறித்த குளோரின் நீக்கி மருந்தை அளவுப்படி விட வேண்டும். குளோராமினால் ஆமைக்குக் கண் எரியும். அதைவிடப் பெரிய சேதம் வடிகட்டியில் நடக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன, அவை நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். பஞ்சைக் குழாய்க்கு நேரே பிடித்து வெளுக்கக் கழுவுகிறவர்கள் அன்றே அவற்றைக் கொன்றுவிடுகிறார்கள். இரண்டு நாளில் நீர் கலங்கி நாறும், வடிகட்டி சரியில்லை என்று கடைக்குப் போய் நிற்பார்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பஞ்சைப் பிழிந்து அலசுங்கள். அந்த நீரைக் கழிவறையில் ஊற்றுங்கள், சமையலறைத் தொட்டியில் வேண்டாம்.

தீனி. டப்பாவில் இருப்பது காய்ந்த இறால். வாசனைக்குக் குட்டி பாய்ந்து வரும், அதனாலேயே நல்ல தீனி என்று தோன்றும். அதில் வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம், கால்சியமும் பாஸ்பரசும் சரியான விகிதத்தில் இல்லை. இதை மட்டுமே தின்னும் குட்டிக்குச் சில மாதங்களில் இமை வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். கண் தெரியாததால் தீனி எடுக்காது, எடுக்காததால் இன்னும் மோசமாகும். கண்ணில் விடும் சொட்டு மருந்து இதற்குத் தீர்வில்லை. வைட்டமின் ஏ ஊசியை ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர்தான் அளவு பார்த்துப் போட வேண்டும், மிகுந்தால் தோல் உரியும். இறாலை வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு கொடுங்கள், போதும்.

முதன்மைத் தீனி ஆமைக்கான பெல்லட், அதாவது சிறு துண்டுகளாக அழுத்திச் செய்த தீனி. டெட்ரா ரெப்டோமின், சூ மெட், மசூரி மூன்றும் நல்லவை. குட்டிகளுக்கான சிறு அளவு பெல்லட்டாகப் பாருங்கள். அளவு எளிது: ஆமையின் தலை உள்ளே காலியாக இருந்தால் எத்தனை பெல்லட் கொள்ளுமோ அத்தனை, நாளுக்கு ஒருமுறை. கழுத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வளர்ந்த ஆமைக்கு அதே கணக்கு, வாரம் இரண்டு மூன்று முறை. ‘பசி, பசி’ என்று கண்ணாடியில் முட்டுவதைப் பார்த்து அள்ளிப் போட்டால் ஓடு மேடு மேடாக வளரும், கால் இடுக்கில் கொழுப்பு பிதுங்கும். பெரிய டப்பா லாபம் என்று வாங்காதீர்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் திறந்த டப்பாவின் வைட்டமின் வெகுநாள் நிற்காது. இறுக மூடி வைத்து 6 மாதத்துக்குள் தீர்க்கிற அளவே சரி.

கீரைக்குத் தேக்கா சந்தை போதும். சாய் சிம், ரொமெய்ன் லெட்டூஸ், துருவிய கேரட், பூசணி நல்லவை. பசலையும் காங்கோங்கும் எப்போதாவது மட்டும், அவற்றில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். குட்டி முதலில் கீரையைச் சட்டை செய்யாது. தினமும் ஓர் இலையைக் கவ்வியில் மாட்டி நீருக்குள் விட்டு வையுங்கள், வளர வளரத் தின்னத் தொடங்கும். கணவாய் ஓட்டின் கெட்டியான முதுகைச் சீவிவிட்டு, மிதக்கும் மென்மையான பகுதியை ஒரு துண்டு போடலாம். கால்சியமும் கிடைக்கும், அலகும் தேயும்.

பழக்குவதைப் பற்றி செட்டின் துண்டுச்சீட்டு, தினமும் கையில் எடுத்து விளையாடச் சொல்கிறது. இதுதான் மிகத் தவறான அறிவுரை. ஆமைக்குட்டிக்கு மேலிருந்து வரும் நிழல் என்றால் கொத்த வரும் பறவை. மேலிருந்து கை விட்டுத் தூக்கினால் ஒவ்வொரு முறையும் அந்தப் பயம்தான் உறுதிப்படும். முதல் வாரம் தொடவே வேண்டாம். தொட்டிக்கு முன்னால் கண்மட்டத்தில் உட்காருங்கள், ஒரே நேரத்தில், ஒரே மூலையில் தீனி போடுங்கள். ஒளியாமல் தின்னத் தொடங்கியதும், முனை மழுங்கிய நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியில் பெல்லட்டைப் பிடித்து நீர்மட்டத்தில் பக்கவாட்டிலிருந்து நீட்டுங்கள். முதலில் இடுக்கியைப் பார்த்து ஓடும். அசைக்காமல் வைத்திருங்கள், தின்னாவிட்டால் பெல்லட்டை விட்டுவிட்டுக் கையை எடுங்கள், துரத்தாதீர்கள். சில வாரங்களில் ஆள் வருவதைக் கண்டாலே நீந்தி வரும். செங்காது ஆமை பழகியது என்பதன் பொருள் அதுதான். வருடினால் மகிழும் பிராணி இது இல்லை. விரலால் தீனி கொடுத்துப் பழக்கினால் விரலையே கடிக்கும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இடுக்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூக்கியே ஆக வேண்டிய நாளில் உள்ளங்கையை அடியில் கொடுத்து, மறு கையால் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஓட்டின் பக்கத்தைப் பிடியுங்கள். கால்கள் அந்தரத்தில் தொங்கினால் துடிக்கும், நழுவும். மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே ஓட்டில் விரிசல் விழும், அதனால் தரையில் உட்கார்ந்துகொண்டு தூக்குவது நல்லது. பிறகு சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும், தொட்டி நீரில் கை வைத்தாலும் அப்படியே. பார்க்க நலமாக இருக்கும் ஆமையிலும் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமையைச் செல்லப்பிராணியாக விற்க 1975 முதல் தடை இருப்பது, பிள்ளைகள் குட்டி ஆமையை வாயில் வைப்பதால்தான். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு குட்டி வாங்கினால் துணையாக இருக்கும் என்று கடையில் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒன்று மற்றதன் வாலைக் கடிக்கும், வெயில் தளத்திலிருந்து தள்ளும். ஒன்றே போதும்.

எடையை வாரந்தோறும் 1 கிராம் துல்லியத் தராசில் குறித்து வையுங்கள். அந்தத் தராசு சமையலுக்குத் திரும்பக் கூடாது. இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கினால், நீந்தும்போது ஒரு பக்கம் சாய்ந்தால், மூக்கில் குமிழி விட்டால், வாய் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். சாய்ந்து நீந்துவது பெரும்பாலும் நுரையீரல் அழற்சி. ஓட்டின் தகடு மெல்லிய கண்ணாடித் தாள்போல் உரிவது இயல்பானது. வெள்ளையாக, மென்மையாக, நாற்றத்தோடு குழி விழுவது ஓட்டழுகல்.

சரி, செட்டை ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால்? தொட்டியை மருத்துவரிடம் தூக்கிச் செல்லவும், வடிகட்டி கழுவும்போது ஆமையை ஒதுக்கி வைக்கவும், தனியே தீனி போடவும் பயன்படுத்தலாம். நீரோடு தாழ்வாரத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும், தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்தால் அபராதம். ஆமை பெரிதாகிவிட்டது என்று நீர்த்தேக்கத்தில் விடுவதும் குற்றம். உள்ளூர் ஆமைகளின் இடத்தை இவை பிடித்துக்கொள்கின்றன. வளர்க்க முடியாமல் போனால் வேறு வீடு தேடிக் கொடுக்க வேண்டும்.

இன்னும் வாங்காதவர்கள் செட்டுக்குச் செலவிடும் காசை விளக்கில் போடுங்கள். தொட்டி, பயன்படுத்திய 4 அடித் தொட்டியாகவே இருக்கட்டும்: 120க்கு 45க்கு 45 செ.மீ. மீன் வளர்ப்பவர்கள் வீடு மாறும்போது மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அதில் 30 செ.மீ. நீர் விட்டால் 162 லிட்டர், அதாவது நீர் மட்டுமே 162 கிலோ. சுவரை ஒட்டி, நான்கு காலும் சமமாக ஊன்றும் தாங்கி வேண்டும். வாங்கும் முன் மூலைகளில் சிலிக்கான் உரிந்திருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் குளியலறையில், அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, நீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டு வையுங்கள். தாள் நனைந்திருந்தால் பழைய சிலிக்கானைப் பிளேடால் முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத மீன்தொட்டி சிலிக்கான் பூசி, 48 மணி நேரம் உலர விட்டு மறுபடி சோதியுங்கள். குட்டியை அதற்குப் பிறகு வாங்கலாம்.